பாஸ்டரம்மாவின் வெள்ளித் தொப்பி

தாய்லாந்தின் சியாங் ராய் மலைச்சரிவில் மீடோ காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். கீழே பாஸ்டர் சர்ச் மணியை அடித்தார். அவர் மனைவி மலைச்சாதிப் பெண்கள் அணியும், வெள்ளிக் காசுகள் கோத்த புதுத் தொப்பியோடு இறங்கிப் போனாள். அதைப் பார்த்ததும் மீடோ பச்சைக் காய்களையும் சேர்த்து உருவினாள்.

"பழமா பாத்துப் பறிங்கக்கா," என்றாள் இந்த ஊருக்குப் புதிதாக வாழ வந்த பூசோ. "பாஸ்டரய்யா காப்பி வித்துதான் அந்தத் தொப்பியைச் செஞ்சு போட்டாராம். உங்க வீட்டுக்காரரும் போடுவாரு."

"எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சுடி. புருஷன் அதை வித்து அபினி புகைச்சுட்டான்."

"நம்ம அண்ணனா? அவரு சுருட்டுகூடத் தொடமாட்டாரே."

"அவரு ரெண்டாவது. மொதல்ல கட்டினவனைச் சொல்றேன்."

"அந்தப் பாவி இப்ப எங்கக்கா இருக்கான்?"

மீடோ இன்னொரு கொத்தை உருவினாள்.

"எங்கூட இருந்தப்ப அவனுக்குக் காப்பியும் தெரியல, கர்த்தரும் தெரியல. இப்பக் கீழ மணி அடிக்கிறான் பாரு."