செவ்வாய்க்கிழமை வகுப்பு

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வகுப்பு என்றாலே அந்த நர்சிங் பள்ளியின் லீடர் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரசவப் பாடம் எடுக்கும் டீச்சர் சாக்பீஸைக் கையில் எடுத்ததுமே வாசல் பக்கம் குரல் கொடுப்பார்.

"ஆயாம்மா, உள்ள வாங்க. தரை சரியில்ல."

பிரசவ வார்டில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கும் ஆயாம்மா, வாளியும் மாப்புமாக வருவார். முப்பது பெண்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் காலடியில் துடைப்பார். முடித்துவிட்டுக் கிளம்பினாலும் டீச்சர் விடமாட்டார். ஓரத்தில் இன்னும் அழுக்கு இருக்கிறது, மறுபடி துடையுங்கள் என்பார்.

காலையில்தான் துடைத்த தரை. கண்ணாடி மாதிரி இருக்கும்.

லீடர் ஒருமுறை கேட்டே விட்டாள். உன் வேலையைப் பார் என்று பதில் வந்தது.

அவளை அதிகம் உறுத்தியது இன்னொன்று. துடைத்துக்கொண்டே இருக்கும் ஆயாம்மா, சில நேரம் மாப்பைப் பிடித்தபடி டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். எட்டாவது முடித்ததும் கல்யாணம் கட்டிவைத்துவிட்டார்கள் என்று எப்போதோ சொல்லியிருந்தார். படிக்க எவ்வளவு ஆசை இருந்தால் இப்படி நிற்பார்? லீடரின் அம்மாவும் அப்படித்தான், மகளின் புத்தகங்களை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைப்பாள்.

மனு எழுதினாள். முப்பது பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். பிரின்சிபால் படித்துவிட்டு உடனே உத்தரவு போட்டார். வகுப்பு நேரத்தில் துப்புரவு வேலைக்கு யாரும் உள்ளே வரக்கூடாது.

அடுத்த செவ்வாய் பாடம், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. நாடி வேகமாகும், ரத்த அழுத்தம் இறங்கும் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னார் டீச்சர். அதற்கு முன்பே பிரசவமான பெண்ணைப் பார்த்தால் தெரியும் என்று ஆரம்பித்தவர், வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். மீதி அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சருக்குக் கோபம்தான், இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு லீடர் நேரே துணி அறைக்கு ஓடினாள். ஆயாம்மா வெள்ளை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே உங்களை யாரும் அப்படி விரட்ட முடியாது, ஆயாம்மா."

மனு போட்டது நீதானா என்று கேட்டார். அவள் பெருமையாகத் தலையாட்டினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கண்ணு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

பாடம் எந்த இடத்தில் நின்றது என்று விசாரித்தார். சொன்னாள்.

"ரத்தம் அளவுக்கு மீறிப் போற பொண்ணு கத்த மாட்டா. தண்ணி கேப்பா. அப்புறம் கொட்டாவி விடுவா. தூக்கம் வருது போலன்னு நாம நகந்துடுவோம். நகரவே கூடாது. இதெல்லாம் நேத்து மத்தியானம் இந்தத் துணி மூட்டை மேல உக்காந்துதான் எழுதிக்கிட்டாங்க டீச்சர். ஆனாலும் எது முன்னாடி, எது பின்னாடின்னு குழம்பிடுவாங்க."

லீடருக்குப் புரியவில்லை. ஆயாம்மா மெதுவாக எடுத்துச் சொன்னார். ஆயாம்மாவை வகுப்பில் பேசவிடச் சொல்லி டீச்சர் மூன்று முறை பிரின்சிபாலுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். எட்டாவது படித்தவர் எப்படி இங்கே பாடம் சொல்வது என்று மூன்று முறையும் திரும்பி வந்திருக்கிறது. அப்புறம்தான் வாளியும் மாப்பும். டீச்சர் சொல்வது சரியாக இருக்கும்வரை ஆயாம்மா துடைப்பார். தப்பானால் கையை நிறுத்துவார். டீச்சர் அந்த இடத்தைத் திருத்திக்கொள்வார். பாடம் முடிகிறவரை தரையில் அழுக்கும் இருந்துகொண்டே இருக்கும்.

லீடருக்குக் கண் கலங்கியது.

"நீங்க அப்படிப் பார்த்துக்கிட்டு நின்னீங்களா... படிக்க முடியலையேன்னு ஏங்குறீங்கன்னு நெனச்சுட்டேன்."

ஆயாம்மா கையிலிருந்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்தார். வகுப்பு இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அப்போ எங்க கண்ணு ஏங்கினேன்? பாடம்தானே நடத்திக்கிட்டிருந்தேன். ஏக்கமெல்லாம் இன்னைக்குத்தான்."