முறிந்த பேச்சு

புளியமரத்து அணிலுக்கு இரண்டு குட்டிகள். மழை வருவதற்குள் கூட்டில் பஞ்சு விரித்தாக வேண்டும். பஞ்சோ பக்கத்து இலவமரத்தில் இருந்தது; அது கிளிகளின் நாடு. அணில் தூது போனது.

"ஒரு பஞ்சுக் காய்க்குப் பத்துப் புளியங்காய்" என்றார் கிளி அமைச்சர்.

"ஐந்துதான் முடியும், ஐயா."

"அப்படியானால் பேச்சு முறிந்தது. ஆனால் மனக்கசப்போடு யாரையும் அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை."

அமைச்சர் பஞ்சுச் சால்வை ஒன்றை எடுத்து அணிலுக்குப் போர்த்தினார். இரு மரங்களின் நட்பு நீடூழி வாழ்க என்று கிளிகள் மூன்று முறை கத்தின.

வீட்டுக்கு வந்த அணில் சால்வையைப் பிரித்துக் கூட்டில் விரித்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் மெத்தென்று ஆனது.

மறுநாள் போனது. பேச்சு மறுபடியும் முறிந்தது. இன்னொரு சால்வை வந்தது.

மூன்றாம் நாள் வானம் இருட்டிக்கொண்டு நின்றது. அமைச்சர் இறங்கி வந்தார். "சரி அம்மா, உங்கள் ஐந்துக்கே சம்மதம்."

கூட்டில் இன்னும் பஞ்சு விரிக்காத ஓரத்தில் குட்டிகளைக் குத்திக்கொண்டிருந்த மரப்பட்டையை அணில் நினைத்துக்கொண்டது. பிறகு பணிவாகச் சொன்னது.

"மன்னிக்க வேண்டும், ஐயா. எங்கள் மரத்தில் நாலுக்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்."

அமைச்சர் பெருமூச்சு விட்டு, சால்வையை எடுத்துவரச் சொன்னார்.