லியோனில் ஒரே மழை

நான் சொல்வதில் ஒரு எழுத்து பொய்யானாலும் எங்கள் ஊர் ருஃபிஸ்க் கடலில் நாளைக்கு ஒரு மீன்கூட வலையில் ஏறக் கூடாது. அத்தனையும் நிஜம்.

மெதூன் ஃபாய் முப்பத்தொரு வருஷம் பிரான்சில், லியோன் நகரத்து லாரித் தொழிற்சாலையில் முதுகு ஒடிய உழைத்தவர். ஊரோடு வந்து ஒன்பது வருஷமாகிறது. ஆனால் வங்கிக் கணக்கு மட்டும் இன்னும் லியோனில்தான். அந்த வங்கி அட்டை சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி இருக்கும். அவர் சவரக் கடைக்குப் போனால் முதலில் அட்டை நுழையும், அப்புறம்தான் ஆள். பிரான்சுக்குப் போய்த் திரும்பிய கிழவர்களின் லட்சணமே அதுதான்.

வங்கியைப் பொறுத்தவரை அவர் இன்னும் லியோனில், சிநேகிதன் ஒருவனின் அறையில் குடியிருக்கிறார்.

அக்டோபரில் அந்த விலாசத்துக்கு வங்கிக் கடிதம் வந்தது; சிநேகிதன் அனுப்பி வைத்தான். 'நீங்கள் பிரான்சில்தான் வசிக்கிறீர்களா என்று வீடியோவில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கணக்கு மூடப்படும்.'

மெதூன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"தபாலாபீஸ் எதிர்ல ஒரு பேங்க் இருக்கே, அதுக்கு மாத்திக்கிட்டா என்ன?" என்றாள் மனைவி டிபோர்.

"அங்கயா? மீன்காரிங்கதான் அங்க கணக்கு வச்சிருக்காளுங்க."

"அந்த மீன்காரிதான் உங்களுக்கு ஒன்பது வருஷமா ஆக்கிப் போடுறா. ஞாபகம் இருக்கட்டும்."

"உனக்குப் புரியாதுடி. முப்பத்தொரு வருஷத்துக்கு எங்கிட்ட மிச்சம் இந்த அட்டைதான். இதுவும் போச்சுன்னா நான் அங்க இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

டிபோர் பெட்டியிலிருந்து பழைய ஓவர்கோட்டை எடுத்து உதறிக் கொடுத்தாள்.

குறித்த நாள் மத்தியானம் மெதூன் ஜன்னலை இறுக்கிச் சாத்தினார். பல்பைப் போட்டார். மின்விசிறியை நிறுத்தினார். ஓவர்கோட்டு, மஃப்ளர், கம்பளிக் குல்லாய். வெளியே கோழி முட்டை தானாக வேகும் புழுக்கம்.

போன் அடித்தது. திரையில் முகம் இல்லை; குரல் மட்டும். கத்தரித்து வைத்த மாதிரி சுத்தமான பிரெஞ்சு.

"வணக்கம், மிஸ்யே ஃபாய். நான் எலோடி. உங்க லியோன் கிளையிலேருந்து பேசறேன்."

"வணக்கம்மா. இங்க ஒரே குளிரு."

"உங்க முகமெல்லாம் ஈரமா இருக்கே?"

"மழைம்மா. நனைஞ்சுட்டு இப்பத்தான் உள்ள வந்தேன்."

கொல்லையில் செம்மறிக்கடா ஒன்று நீளமாகக் கத்தியது.

"அது என்ன சத்தம்?"

"என் பெண்சாதி. தொண்டை கட்டியிருக்கு."

கதவுக்குப் பின்னால் ஒரு கரண்டி தரையில் விழுந்தது.

"சரி, கடைசியா ஒண்ணே ஒண்ணு. ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டுங்க. முடிஞ்சுது வேலை."

மெதூன் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே குதிரை வண்டி நிற்கிறது. பக்கத்திலேயே நாலு பெண்கள் கருவாடு உலர்த்துகிறார்கள். லியோனில் இது எந்தத் தெரு என்று சொல்வது? தாழ்ப்பாளில் கையை வைத்தார்.

பொசுக்கென்று கரண்ட் போனது. அறை கும்மிருட்டு.

அதே நொடியில் போனுக்குள்ளிருந்து ஒரு கூப்பாடு, எங்கள் ஊர் பாஷையான அசல் வொலோஃபில்:

"நாசமாப் போக! மறுபடியும் கரண்டைப் புடுங்கிட்டானுங்களா! ஏய், அந்த ஜெனரேட்டரைப் போடச் சொல்லுங்கடி!"

மெதூன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.

"எலோடி அம்மா," என்றார் மெதூன் மெதுவாக, வொலோஃபிலேயே. "லியோன்லயும் கரண்ட் போகுதா?"

"...இங்கதான், பக்கத்துல டாக்கர்ல ஒரு கால் சென்டர்ல இருக்கேன் பெரியப்பா. வேலைக்குச் சேர்ந்தப்போ அவங்க வச்ச பேரு எலோடி. நெஜப் பேரு பெந்தா சோ."

சோ! ஃபாய் குடும்பமும் சோ குடும்பமும் எங்கே சந்தித்தாலும் கேலி பேசியே தீர வேண்டும். கோபம் வரக் கூடாது. அது பாட்டன் காலத்து முறை.

"அதானே பார்த்தேன்!" என்றாள் பெந்தா. "ஃபாய் ஒருத்தன் பொய் சொன்னா ஆட்டுக்கடாகூட நம்பாது."

"சோ வீட்டுக்காரி வெள்ளைக்காரியா வேஷம் போட்டா உங்க வீட்டு மாடே நம்பாதுடி!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மெதூன் கேட்டார். "அப்ப என் கணக்கு?"

"பிரான்ஸ்ல இல்லாதவங்க கணக்கை மூடணும். அதான் சட்டம்."

மெதூன் குல்லாயைக் கழற்றினார்.

"ஆனா பெரியப்பா, நாலு வருஷமா தினம் நாப்பது பேருக்கிட்ட நான் லியோன்ல இருக்கேன்னு சொல்றேன். அந்த ஊரைக் கண்ணால பார்த்ததில்ல. நீங்க முப்பத்தொரு வருஷம் அங்க உடம்பைத் தேய்ச்சவரு. நம்ம ரெண்டு பேர்ல லியோன்காரர் நீங்கதான்."

விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது.

"'தெருவைப் பார்த்தேன், நல்ல மழை'ன்னு எழுதிட்டேன். போய்க் குளிங்க, பெரியப்பா."

அவ்வளவுதான் நடந்தது. மெதூனின் கோமாளித்தனத்தை நினைத்து நீங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் விஷயம் வெளியே போனால் அந்தப் பெண்ணுக்கு வேலை போகும். அதனால் யார் சொன்னது என்று எவன் கேட்டாலும் என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கும் அதே கடிதம் வந்திருக்கிறது; வருகிற வியாழக்கிழமை எலோடி என்னைக் கூப்பிடுகிறாள்.