பலகையில் விட்ட இடம்

“நடுவுல இடம் விட்டு வெச்சிருக்கேன், வினிஃபிரட். சனிக்கிழமைக்குள்ள பேரு கிடைக்கலைன்னா இப்படியே மொட்டையாத்தான் நிக்கும்” என்றார் ஆல்டன் லன்ட்.

வினிஃபிரட்டின் சமையலறை மேஜைமேல் பலகை படுத்திருந்தது. கருநீலத்தில் பொன்னெழுத்து. ஒரு முனையில் ‘கேப்டன்’, மறு முனையில் ‘ஹோல்ராய்ட்’, இடையில் ஒரு சாண் வெறுமை.

டன்மோர் துறையில் கப்பல் கேப்டன்கள் கட்டிய வீடுகளுக்கு மட்டும்தான் வாசலில் இப்படிப் பலகை மாட்டலாம். அதை முடிவு செய்யும் கேப்டன் வம்சத்தார் சங்கத்துக்கு வினிஃபிரட் ஹோல்ராய்ட் அம்மாள்தான் செயலாளர். பிறந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் இருக்கும் முழுப்பெயர் தெரியாமல் யாருக்கும் பலகை கிடையாது என்று விதி எழுதியதும் அவரேதான். பழைய தாள்களை அவர் தோண்டியதில், லன்ட் குடும்பத்துக் கேப்டன் உண்மையில் கப்பல் சமையல்காரர் என்று ஐந்து வருஷத்துக்கு முன் அம்பலமானது.

ஆல்டன் அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. பலகை செதுக்க ஊரில் வேறு ஆள் இல்லாததால் மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் செதுக்கிக் கொடுத்தார். மிச்ச நேரத்தில் ஆடு வளர்த்தார். அந்த ஆட்டு வாடை தன் வரவேற்பறை வரை வருகிறது என்று வினிஃபிரட் புகார் சொல்லாத வாரம் கிடையாது.

இப்போது அவர் எழுதிய விதி அவர் கழுத்துக்கே வந்து நின்றது. கொள்ளுத்தாத்தாவின் முதல் பெயர் எங்கேயும் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய பயணிகள் பட்டியலில் கேப்டன் ஹோல்ராய்ட். நிலப் பத்திரத்தில் கேப்டன் ஹோல்ராய்ட். கல்லறைக் கல்லிலும் அதேதான். கொள்ளுப்பாட்டிகூடத் தன் நாட்குறிப்பில் ‘இன்று கேப்டனுக்குச் சளி’ என்றுதான் எழுதியிருந்தாள். தெருவுக்கு மூன்று கேப்டன் இருந்த ஊர் என்பதால் அப்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“கப்பல் பேராவது தெரிஞ்சுதா?” என்று கேட்டார் ஆல்டன்.

“அதான் புயல்ல முழுகிடுச்சே. முழுகின கப்பலோட காகிதம் எங்க கிடைக்கும்?”

புயல் விஷயம் குடும்ப பைபிளின் பின்னட்டையில் கேப்டனின் கையெழுத்திலேயே இருந்தது. ‘மார்ச் ஒன்பது. பெரும்புயல். நாற்பது இழப்பு. பன்னிரண்டைக் காப்பாற்றினேன்.’ அந்த நாற்பது மாலுமிகளுக்காக வினிஃபிரட் ஒவ்வொரு மார்ச் ஒன்பதாம் தேதியும் படகுத்துறைக்குப் போய்க் கடலில் மலர்வளையம் விடுவார். மீனவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். போதகர் ஜெபம் சொல்வார். இருபத்தாறு வருஷமாக நடக்கிறது.

கப்பலிலிருந்து தப்பி வந்த பித்தளை மணி அலமாரியில் பளபளத்தது. கப்பல் மணிக்கு இது ரொம்பச் சின்னது என்று ஆல்டன் ஒருமுறை சொல்லப்போய், சின்னக் கப்பலாக இருந்திருக்கும் என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டு ஜன்னல் எல்லாமே கடலுக்கு முதுகைக் காட்டி, மலைச்சரிவைப் பார்த்து இருந்ததற்கும் வினிஃபிரட்டிடம் பதில் இருந்தது. அத்தனை பேரைப் பறிகொடுத்தவருக்கு மறுபடி கடலைப் பார்க்க மனசு வருமா என்பார். சொல்லும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கும்.

தபால் வண்டி வந்து போகும் சத்தம் கேட்டது. வினிஃபிரட் வெளியே போய், இங்கிலாந்து முத்திரை குத்திய உறையோடு திரும்பினார். யார்க்‌ஷயர் பகுதியில் கொள்ளுத்தாத்தா பிறந்த ஊர்த் தேவாலயத்துக்கு அவர் எழுதி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“இருந்து பார்த்துட்டுப் போ, ஆல்டன். ஒரு குடும்பத்து வரலாறுன்னா எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுக்கோ” என்று சொல்லியபடி உறையைக் கிழித்தார்.

ஆல்டன் உளியைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, அடுப்பில் இருந்த காப்பியைத் தானே ஊற்றிக்கொண்டார்.

வினிஃபிரட் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய் அலமாரி மணியை எடுத்து வந்து ஆல்டன் முன்னால் வைத்தார்.

“இதை எடுத்துட்டுப் போய் உன் ஆட்டுக்குக் கட்டு.”

“கப்பல் மணியையா?”

“கொள்ளுத்தாத்தாவோட அப்பா ஆடு மேய்க்கிறவராம். இவரும் ஊரைவிட்டு வர்ற வரைக்கும் அதே வேலைதானாம். அந்தப் புயல்ல செத்தது நாற்பது ஆடு, ஆல்டன். ஆட்டுக்குத்தான் நான் வருஷா வருஷம் பூ விட்டிருக்கேன்.”

ஆல்டனுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. வினிஃபிரட்டின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

“அது போகட்டும். பதிவேட்டுல பேரு இருக்கா, இல்லையா?”

“இருக்கு. கேப்டன்.”

“அது ஊருக்கே தெரியும். ஞானஸ்நானத்துல என்ன பேரு வெச்சாங்கன்னு கேட்கிறேன்.”

“அதான் பேரு” என்றார் வினிஃபிரட். “பிறந்து எட்டாவது நாள் வெச்சது. பிள்ளைக்கு மேஜர், கேப்டன்னு பேரு வைக்கிறது அந்தப் பக்கத்து வழக்கமாம்.”

ஆல்டன் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உளியைப் பைக்குள் போட்டார்.

“அப்போ உங்க விதிப்படி பலகை சரியாத்தான் இருக்கு, வினிஃபிரட். பேரை முழுசாவே செதுக்கிட்டேன்.”