தொட்டியில் இருந்த பங்கு

மொட்டை மாடித் தொட்டிக்குள் குழாய்க்காரர் எட்டிப் பார்த்தார். அடியில் வண்டல்தான் கிடந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் தேறாது.

கீழே வீடு நிறைய விருந்தாளிகள். வீட்டுக்காரனின் பேத்திக்குப் பிறந்தநாள். மச்சினன் ஒருத்தன் தலை நிறைய சோப்போடு குளியலறையில் நின்று கத்திக்கொண்டிருந்தான். கண்ணைத்தான் திறக்க முடியவில்லை, வாய் நன்றாகவே திறந்தது.

பக்கத்து வீட்டுத் தொட்டியோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரனுக்கு வியர்த்துக் கொட்டியது. தொழிற்சாலைகளுக்குத் தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன். அடுத்தவன் உழைப்பில் மூன்று மாடி எழுப்பினவன். எவ்வளவு ஆனாலும் தருகிறேன், உடனே தண்ணீருக்கு வழி பாருங்கள் என்று கெஞ்சினான்.

மரியாதையெல்லாம் பலமாகத்தான் இருந்தது. எதிரில் நிற்பவர் யாரென்றுதான் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? ஏஜென்சி ஆபீஸின் கம்பிச் சன்னலுக்கு வெளியே கூலிக்கு வரிசையில் நின்ற முகங்களில் அதுவும் ஒன்று.

குழாய்க்காரருக்கு மறக்கவில்லை. நேற்று சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். கதவைத் திறந்ததுமே ஆளைத் தெரிந்துவிட்டது. வாயே திறக்காமல் வேலையை முடித்துவிட்டுப் போனார்.

பல வருஷம் முன்னால், அவனிடம் தற்காலிக ஆளாக இருந்தபோது, அந்தக் கம்பிச் சன்னலில் அவர் கேட்டது லீவுச் சம்பளம். மனைவிக்கு ஆபரேஷன். கூட இருக்க வேறு நாதி இல்லை. தற்காலிக ஆளுக்கும் லீவில் சம்பளம் உண்டு என்கிறார்களே என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

உண்டே, யார் இல்லை என்றது என்றான் இவன். ஆனால் அதைத் தனியாகத் தருவதில்லையாம். வாராவாரம் கொடுத்த கூலிக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்தாகிவிட்டதாம்.

வேலைக்குச் சேரும்போது எவனும் அதைச் சொல்லவில்லை. சம்பளச் சீட்டிலும் அப்படி ஒரு வரி கிடையாது. பேசின கூலிக்கு மேல் ஒரு பைசா கையில் விழுந்ததும் இல்லை.

"வாங்கித் தின்னுட்டு இப்ப வந்து மறுபடியும் கேட்டா எப்படிப்பா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் குழாய்க்காரர் இத்தனை வருஷமும் கெடாமல் வைத்திருந்தார்.

தொட்டி மூடியைப் போட்டார். கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தார்.

"தண்ணி தனியா எல்லாம் வராதுங்க. கொஞ்சம் கொஞ்சமா குழாய்லயே சேத்துக் குடுத்தாச்சு. நீங்கதான் செலவு பண்ணிட்டு மறுபடியும் கேக்குறீங்க."

அவன் விளங்காமல் பார்த்தான். பிறகு விளங்கியது. முகத்தில் ஈயாடவில்லை. எந்த ஊழியன், எந்த வருஷம் என்று தேடிப் பார்த்தான், பிடிபடவில்லை. அந்த மாதிரி எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பான், பாவம். கடைசியில், அந்தப் பணத்தை வட்டியோடு இப்போதே தந்துவிடுகிறேன் என்று பர்ஸை எடுத்தான்.

குழாய்க்காரர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

தெருக்குழாயிலிருந்து தொட்டிக்கு ஏறும் வால்வு வாசலோரத்தில் சிமெண்டு மூடிக்குக் கீழே இருந்தது. நேற்றுப் போகிற போக்கில் அதை இறுக்கி அடைத்துக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டவர் அவரேதான். அது பைக்குள் ஸ்பானர்களோடு உரசிக் கிணுகிணுத்தது.

பணத்தை வாங்கி அவர் என்ன செய்வது?

லீவுக்குச் சம்பளம் இல்லை என்றானதும், மருந்துக்குக் காசு வேண்டுமே என்று மனைவியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்தபோது போர்வையை இழுத்து அவள் முகத்தையும் மூடியிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குக் காலில் கட்டு, எழுந்திருக்க முடியாது. மத்தியானம் முழுக்க அவர் மனைவி தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள் என்று அந்தப் பெண்தான் சொன்னாள்.