தைத்து மூடிய பை

தையற்காரரின் வித்தைச் சீட்டுக்கட்டில் ஐம்பத்திரண்டும் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஏழு. எதை உருவினாலும் ஏழுதான். "ஆட்டின் ஏழு" என்று எழுதிய துண்டுக் காகிதத்தை முந்தின நாளே சட்டைப் பையில் போட்டு, பையின் வாயைத் தைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்.

மகள் கட்டிலில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் பத்து நிமிடத்தில் அவளுக்குக் காதில் ஆபரேஷன்.

"நான் உருவுற சீட்டும் உங்க பையில எழுதி வச்சிருக்கறதும் சரியா இருந்தா உள்ள போறேன். தப்புன்னா வீட்டுக்குப் போயிடணும். சரியாப்பா?"

"சரி. உருவு கண்ணு."

அவள் ஒன்றை உருவித் திருப்பினாள்.

"அட, கிளாவர் மூணு!" என்றாள் நர்ஸ்.

அவர் அந்தச் சீட்டையே உற்றுப் பார்த்தார்.

"திருதிருன்னு முழிக்காதீங்கப்பா. பையைப் பிரிங்க."

வேறு வழியில்லாமல் தையலைப் பிரித்துக் காகிதத்தை நீட்டினார். அவருடைய கோணல் கையெழுத்தில் "கிளாவர் மூணு" என்றிருந்தது.

மகள் தானாகவே தள்ளுகட்டிலில் ஏறிக்கொண்டாள்.

மதியம் டாக்டர் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். தையற்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் சீட்டுக்கட்டை எண்ணினார். ஐம்பத்திரண்டு ஏழுகள். ஒன்றும் குறையவில்லை.

"சீட்டை வாங்கிக்குங்க சார். தூக்கத்துல கூட கையை விரிக்க மாட்டேங்குறா," என்றாள் நர்ஸ்.

மகளின் விரலிடுக்கில் சீட்டின் ஓரம் தெரிந்தது.

"அவகிட்டயே இருக்கட்டும் சிஸ்டர்," என்றார். காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். காகிதத்தை மறுபடி பையில் போட்டு, நிதானமாகத் தைத்து மூடினார்.