சேர்க்கை எப்படி?

"சேர்க்கை எப்படின்னு தெரிஞ்சுக்கணும் மேடம். அதான் சொல்லாம கொள்ளாம நேர்லயே வந்துட்டேன்" என்றார் வந்தவர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி.

கல்லூரி முதல்வர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நிர்வாகக் குழுவிலிருந்து இந்த வாரம் ஒருவர் வருவார், யாரென்று காட்டிக்கொள்ளாமல் சாதாரண ஆள் மாதிரி வருவார் என்று காலையில்தான் காதில் விழுந்திருந்தது. ஆள் சேராத துறைகளை இழுத்து மூடப் போகிறார்களாம்.

"எந்தத் துறைங்க?" என்றார் அம்மா மெதுவாக.

"புள்ளியியல். அங்க வேலை பார்க்கற தம்பியைப் பத்தித்தான். ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடுங்க. பின்னாடி தெரிஞ்சு வருத்தப்படக் கூடாது பாருங்க."

இனி சந்தேகம் எதற்கு? அவர்தான் இவர்.

புள்ளியியல் துறை என்றால் ஓர் ஆசிரியர், நாலு மாணவிகள், ஒரு மின்விசிறி. மாணவிகள் ஆசிரியருக்கு வைத்த பெயர் 'சராசரி'. உயரம், நிறம், குரல் எல்லாமே நடுத்தரம். ஆனால் தங்கமான பிள்ளை. துறையை மூடினால் அவரைக் கூப்பிட்டு வேலை இல்லை என்று சொல்லும் வேலை அம்மாவின் தலையில்தான் விழும். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அம்மாவால் ஆகாது. இவரைச் சமாளித்து அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

"சேர்க்கைக்கு என்னங்க குறைச்சல்? நாப்பது பேரு. எல்லாம் பொண்ணுங்க."

நாலுக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம்தான் கூடுதல். பூஜ்யத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று அம்மா மனதைத் தேற்றிக்கொண்டார்.

வந்தவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். நாற்பதும் பெண்களா என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வந்து பார்த்துட்டு, வேண்டாம்னு போனவங்க யாராவது உண்டா?" என்றார்.

"அவரை வேண்டாம்னு யாருங்க சொல்வாங்க? அவர்தான் நிறைய பேரைத் திருப்பி அனுப்பிட்டார். வர்ற எல்லாரையும் எடுத்துக்க முடியுமா? தரம்னு ஒண்ணு இருக்கில்ல."

"நிறைய பேருன்னா?"

"கணக்கே இல்லைங்க."

வந்தவர் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். ஆள் அசந்துவிட்டார் என்று அம்மாவுக்குத் தெம்பு வந்தது. விட்ட இடத்திலிருந்து ஆசிரியர் சாதனைகளுக்குத் தாவினார். வெளிநாட்டு ஆய்விதழ்களில் அவர் எழுதாத இதழ் கிடையாது என்றார். கடல் தாண்டி ஒரு பேராசிரியை இருக்கிறார், அவரும் இவரும் சேர்ந்து எழுதினால் உலகமே திரும்பிப் பார்க்கிறது, அதற்காக இரண்டு பேரும் நேரம் காலம் பார்க்காமல் தொலைபேசியில் பேசுகிறார்கள் என்றார். சராசரி இதுவரை எழுதியது கல்லூரி ஆண்டு மலரில் ஒரு பக்கம். அதிலும் அவர் படத்தைத் தலைகீழாக அச்சடித்திருந்தார்கள்.

அந்தப் பேராசிரியையோடு இன்னும் பேச்சுவார்த்தை உண்டா என்று வந்தவர் விசாரித்தார். அது எங்கே விடும் என்றார் முதல்வர் அம்மா.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்குக் கிளம்புவாரு?"

மணி அடித்த கையோடு ஓடிப்போய் பேருந்தில் முதல் ஆளாக இடம் பிடிப்பவர் சராசரி. அதைச் சொல்ல முடியுமா? வளாக மேம்பாட்டுக்கென்று அம்மா அங்கேயே, உட்கார்ந்த இடத்திலேயே, ஒரு திட்டத்தைப் பிறப்பித்தார். 'வளாகமே வீடு' என்று அதற்குப் பெயரும் வைத்தார். திட்டத்தில் சேர்ந்த முதல் ஆசிரியர் சராசரிதான், ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுப் பக்கம் போவதில்லை, துறை அறையில் பீரோவுக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார் என்று அடுக்கினார். சம்பளத்தில் பாதியைத் துறைக்குக் கணினி வாங்கக் கொடுத்துவிடுகிறார் என்று கொசுறாக ஒன்றையும் சேர்த்துவிட்டார்.

இவ்வளவு சொல்லியும் வந்தவர் முகம் தெளியவில்லை. முன்னைவிட இருண்டுதான் போயிருந்தது. இந்த மனிதருக்கு இன்னும் என்னதான் வேண்டும்? அம்மா மேஜை மேல் சாய்ந்து, இருப்பதிலேயே பெரியதை எடுத்து விட்டார்.

"வெளியில சொல்லாதீங்க. கல்யாணமே வேண்டாம்னுட்டாருங்க. துறையில நூறு பேரு சேர்ற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்காதீங்க, இதுதான் என் குடும்பம்னுட்டாரு."

வந்தவர் எழுந்தார். கைகுவித்து, மறைக்காமல் சொன்னதற்கு அம்மாவுக்குக் கோடி புண்ணியம் என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"சரிங்க மேடம். என் பொண்ணுக்கு நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். இந்தத் துறையில் தன் பெண்ணுக்கு இடம் கிடைக்காது என்று குழு ஆளே நம்பிவிட்டார். துறையும் பிழைத்தது, ஐந்தாவதாக ஒரு மாணவியும் வீடு தேடி வருகிறாள்.

"வேற இடம் எதுக்குங்க? இங்கயே விட்டுடுங்க. நம்ம சாரே உங்க பொண்ணை நல்லாப் பார்த்துப்பாரு."

"அவருதான் போன வாரமே வீட்டுக்கு வந்து பார்த்துட்டு, பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போனாரே மேடம்" என்றார் வந்தவர் சோர்வாக. "மாப்பிள்ளை எப்படிப்பட்டவருன்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டு முடிவு பண்ணலாம்னுதான் நான் கிளம்பி வந்தேன்."